மாறிக் கிடந்த பிரேக்

ஏற்காட்டில் போய்ப் பவுலினா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மாஸ்டர் பட்டறை என்று கேட்டால் கோழிக்குஞ்சுகூட வழி காட்டும்.

மரியாதைக்கு வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், அப்பா இறந்த மூன்றாம் மாதம், அந்தப் பெண் தகரக் கொட்டகையைத் திறந்து சைக்கிள் பழுதுபார்க்க உட்கார்ந்தபோது, எதிர் டீக்கடை ஆண்கள் கிண்டலுக்கு வைத்த பெயர் அது. "என்ன மாஸ்டர், நட்டு எந்தப் பக்கம் திருகணும்?" என்று கேட்டுவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். ஒரு பெண் கையில் ஸ்பானர் இருப்பதில் அப்படி என்ன சிரிப்போ தெரியவில்லை. அப்புறம் அவர்களுடைய வண்டிகளே ஒவ்வொன்றாக வந்து வாசலில் நின்றன. காப்பித் தோட்டத்துச் செங்குத்துச் சரிவில் அவர் மலைச் சைக்கிளில் இறங்குவதை இரண்டு பேர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். அதோடு சிரிப்பு போயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். அதிகம் சொல்லவும் மாட்டார்.

ஒரு புதன்கிழமை காலை தணிகாசலம் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வயது அறுபத்துநாலு. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மாஸ்டரைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். ஆனாலும் இந்த மலையில் எப்படி ஏறுவது, எப்படி இறங்குவது என்பதை மாஸ்டரிடம்தான் கற்றுக்கொண்டார். அதைச் சொல்லிக்கொள்ள அவர் வெட்கப்பட்டதும் இல்லை.

"மாஸ்டர், எனக்கு ஒரு தீர்ப்பு வேணும்" என்றார்.

மாஸ்டர் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு அதன் நெளிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பஞ்சர்னா இங்க ஒட்டலாம். தீர்ப்புக்கு நீங்க சேலம் போகணும் சார்."

"விளையாடாதீங்க. தப்பு யார் மேலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். என் மேலயா, குழந்தைவேலு மேலயா?"

"அவர் எப்படி இருக்கார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் போறதில்லையே."

மாஸ்டர் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார்.

குழந்தைவேலு அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தொரு வயது. பதினோரு வருஷமாக இவரும் அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட விட்டதில்லை. காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் சந்திப்பார்கள். ஏற்றத்தில் குழந்தைவேலு முன்னால் போவார். இறக்கத்தில் தணிகாசலம் முன்னால் போவார். முன்னால் போகிறவர் கண்ணில் பட்டதைக் கத்திச் சொல்ல வேண்டும்: வேர், கல்லு, சறுக்கல். பின்னால் வருகிறவர் அதையே திருப்பிக் கத்த வேண்டும். திருப்பிச் சொன்னால் காதில் விழுந்தது என்று கணக்கு. இது மாஸ்டர் வைத்த வழக்கம். மலையில் ஓட்டுகிற எல்லோருக்கும் பொது.

ஐந்து வாரத்துக்கு முன்னால், ஏலத்தோட்டத்து இறக்கத்தின் உச்சியில், குழந்தைவேலுவின் வண்டியில் கியர் கொக்கி வளைந்துவிட்டது. சங்கிலி பல்லில் நிற்கவில்லை. தணிகாசலம் தன் வண்டியைக் கொடுத்தார். அந்த வண்டியில் ஒரு விஷயம் உண்டு. நம் ஊர் வண்டிகளில் வலது கைப் பிரேக் முன் சக்கரத்தைப் பிடிக்கும், இடது கைப் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கும். இவருடையதில் தலைகீழ். குழந்தைவேலு மூன்றாவது வளைவில் ஈரமான வேரைப் பார்த்ததும், பின் சக்கரத்தைப் பிடிப்பதாக நினைத்து இடது கையை இறுக்கினார். முன் சக்கரம் நின்றது. ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து போய் விழுந்தார். இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. முன்பல் இரண்டு போயிற்று.

ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவா வேண்டும். இருபது வயதுக்காரன் விழுந்து கை ஒடிந்தால் அது விபத்து. அறுபது வயதுக்காரன் விழுந்து கை ஒடிந்தால் அது புத்திகெட்டதனம். இந்த நியாயத்தை யார் எழுதி வைத்தார்களோ.

"அதுகூடப் பரவாயில்லீங்க மாஸ்டர்" என்றார் தணிகாசலம். "பிரேக் மாறியிருக்கறதைச் சொல்லாமலே நான் வண்டியைக் குடுத்துட்டேன்னு பேசறாங்க. கடையில பேசறாங்க, சர்ச் வாசல்ல பேசறாங்க. நான் சொன்னேன். 'குழந்த, என் வண்டி மாறுகைடா'ன்னு சொன்னேன். அவனும், 'தெரியும்யா சர்வேயரே, முன்னாடிதான் பின்னாடி, பின்னாடிதான் முன்னாடி'ன்னு திருப்பிச் சொன்னான். நீங்க வச்ச வழக்கம்தானே? சொல்லியாச்சு, திருப்பிச் சொல்லியாச்சு. அப்புறம் அவன் வண்டியைத் தள்ளிக்கிட்டு நான் பின்னாலயே நடந்து வந்தேன். இதுல என் தப்பு எங்க இருக்கு?"

"அவர் என்ன சொல்றார்?"

"அதுதான் எரிச்சலே. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான். சொன்னான்னும் சொல்ல மாட்டேங்கறான், சொல்லலைன்னும் சொல்ல மாட்டேங்கறான். மொத நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செவுத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான். வாயைத் திறந்து, 'தணிகாசலம் சொன்னான், நான்தான் மறந்துட்டேன்'னு ஒரு வார்த்தை சொன்னா அவன் குடி முழுகிப் போயிடுமா?"

"சரி."

"வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கறாங்க. மணிக்கட்டு திரும்பினா மறுபடி ஓட்டலாம், திரும்பலைன்னா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாராம். நான் பக்கத்துல இருக்கணுமா இல்லையா? இருக்கணும்னுதான் மனசு சொல்லுது. ஆனா என் மேல தப்பு இல்லாதப்ப நான் எதுக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போய் நிக்கணும்? நீங்க சொல்லுங்க. உங்க பேச்சை அவன் கேப்பான். தப்பு அவன் மேலன்னு நீங்க சொல்லிட்டா நான் நிமிந்து போவேன்."

"உங்க மேல தப்புன்னு சொன்னா?"

"என் மேலயா?"

"உங்க மேலன்னு."

"அப்ப வாதாடுவேன்."

மாஸ்டர் கொஞ்சம் சிரித்தார். தணிகாசலத்தின் வண்டியை வாங்கித் தாங்கியில் ஏற்றி வைத்தார். பலகையிலிருந்து ஆறு மூலைச் சாவி ஒன்றை எடுத்தார். பிரேக் பிடிகளில் இருந்து கேபிள் இரண்டையும் கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?"

"மாத்தறேன். எல்லார் வண்டி மாதிரி."

"நான் கேட்டது அது இல்லீங்களே."

"தெரியும்."

தணிகாசலம் ஒரு காலி எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். வலது முட்டி கடகடத்தது. கேபிள் கழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் இங்கே ஒரு பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்த வெளிநாட்டுக்காரர். நாடு திரும்பும்போது, "நீங்கள்தான் இந்த மலையை அங்குல அங்குலமாக அறிந்தவர்" என்று சொல்லிக் கொடுத்தார். அவருடைய ஊரில் பிரேக் அப்படித்தானாம். முதல் வாரமே மாஸ்டர் கேட்டார்: "மாத்தித் தரட்டுங்களா? பத்து நிமிஷ வேலை." தணிகாசலம் வேண்டாம் என்றுவிட்டார். கை பழகிவிட்டது என்று காரணம் சொன்னார்.

பழகிவிட்டது உண்மைதான். கூடவே இன்னொன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து எல்லோரும் பட்டறை முற்றத்தில் டீ குடிக்கும்போது யாராவது புதுசாக வந்தவர், "சார், உங்க வண்டியை ஒரு ரவுண்டு பாக்கட்டுமா?" என்பார். தாராளமாக என்பார் தணிகாசலம். ஏறினவர் பத்தடி போவதற்குள் பிரேக்கைப் பிடித்துக் குதிரை மிரண்ட மாதிரி ஆடி, ஒரு காலை ஊன்றி, திருதிருவென்று விழிப்பார். முற்றம் முழுக்கச் சிரிக்கும். "என் வண்டி எனக்கு மட்டும்தான் அடங்கும்" என்பார் தணிகாசலம். குழந்தைவேலுவே ஒரு தடவை அப்படி ஆடியிருக்கிறார். எட்டு வருஷம் இருக்கும். "யோவ் சர்வேயரே, இது சைக்கிளா, உன் மாமியார் வீட்டு மாடா?" என்று கேட்டுவிட்டு அவரும்தான் சிரித்தார்.

மாஸ்டர் வேலையை முடித்தார். இரண்டு பிடிகளையும் அழுத்திப் பார்த்தார்.

"இடது கை பின் சக்கரம். வலது கை முன் சக்கரம். சொல்லுங்க."

"இடது பின். வலது முன்."

"பின்னாடி சரிவுக்கு வாங்க."

பட்டறைக்குப் பின்னால் ஒரு புல் சரிவு. பெரிய சரிவு இல்லை, வீட்டு மாடி உயரம்தான். அடியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எருவுக்காகக் கொட்டி வைத்த காப்பித் தோல் குவியல், மெத்தை மாதிரி. பாதி வழியில் ஓரமாகச் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதன் மூடி மேல் இரண்டு பழைய டயர்.

மாஸ்டர் முட்டிக் கவசமும் முழங்கைக் கவசமும் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்தச் சரிவுக்கு எதுக்குங்க இதெல்லாம்? மொளச்சு மூணு எலை விடாததுங்ககூட இதுல சாக்குப் போட்டுச் சறுக்குது."

"போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டார். ஹெல்மெட் வாரை மாஸ்டரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். சீட்டைக் கீழே இறக்கினார். அப்புறம் சரிவில் மெதுவாக நடந்து, புல்லுக்குள் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு வந்தார். தணிகாசலம் பொறுமையில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப என்ன, கீழே போகணும், பிரேக் பிடிக்கணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். இடது?"

"பின்."

"வலது?"

"முன்."

தணிகாசலம் இறங்கினார். உதட்டுக்குள் இடது பின், இடது பின் என்று சொல்லிக்கொண்டே போனார். குவியலுக்கு முன்னால் இடது கையை மெதுவாக அழுத்தினார். வண்டி அழகாக நின்றது. தள்ளிக்கொண்டு மேலே வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் வெளிச்சம்.

"இன்னொரு தடவை" என்றார் மாஸ்டர்.

இரண்டாம் தடவையும் அப்படியே. இந்தத் தடவை உதடு அசையவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் மேலே வந்து. "பதினோரு வருஷப் பழக்கம். ஒரே ஒரு வார்த்தை சொன்னீங்க, மாத்திக்கிட்டேன். சொன்னாப் போதும்ங்கறது இதோ உங்க கண்ணு முன்னாலயே நிரூபணம் ஆயிடுச்சு. முப்பத்தொரு வருஷம் சங்கிலி பிடிச்சு நிலத்தை அளந்தவன் நான். எல்லைக்கல்லைக் காட்டி, இதுக்கு அந்தப் பக்கம் உன்னுது, இந்தப் பக்கம் அவனுதுன்னு சொல்லிட்டா என் வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒருத்தன் தாண்டினான்னா தாண்டினவன் மேலதான் தப்பு, கல்லைக் காட்டினவன் மேல இல்லை. நான் சொன்னேன். அவன் கவனமா இருந்திருக்கணும். முடிஞ்சுதா?"

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"நூறு தடவை வேணும்னாலும்."

"இடது?"

"பின்னுங்க மாஸ்டர், பின்னு. வலது முன்னு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

மாஸ்டர் சரிவில் இறங்கிப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றார். கையைக் காட்டினார்.

தணிகாசலம் இந்தத் தடவை கொஞ்சம் வேகமாகவே விட்டார். காற்று காதில் அடித்தது. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அவருக்கு மலையில் ஓட்டுகிற சந்தோஷம் வந்தது. இந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமையும் தனியாகத்தான் போனார். பழக்கதோஷத்தில் "வேர்" என்று கத்துவார். திருப்பிச் சொல்ல ஆள் இல்லாமல் அந்தச் சத்தம் சில்வர் ஓக் மரங்களுக்குள் போய்விடும். இனி அது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் உடனே இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் இருக்கலாம். நிமிர்ந்து போகலாம்.

தொட்டியை நெருங்கும்போது, அதன் மேலிருந்து ஒரு பழைய டயர் குதித்து உருண்டு அவருக்குக் குறுக்கே வந்தது.

வலது கை இறுக்கிப் பிடித்தது.

முன் சக்கரம் நின்றது. தணிகாசலம் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலே ஒரு குட்டிக்கரணம் அடித்து, புல்லில் முதுகு பட விழுந்து, இரண்டு புரண்டு, காப்பித் தோல் குவியலில் போய்ச் செருகிக்கொண்டார். டயர் அவரைத் தாண்டிப் போய்ச் சுற்றிச் சுற்றிப் படுத்தது.

கொஞ்ச நேரம் வானம் மட்டும் தெரிந்தது. அப்புறம் தொட்டி மேல் நின்ற மாஸ்டர் தெரிந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்து, கையை நீட்டச் சொல்லி, காலை மடக்கச் சொல்லி, கழுத்தைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பல் எல்லாம் இருந்தது.

"நீ டயரை உருட்டிவிட்டே" என்றார் தணிகாசலம். கோபத்தில் மரியாதை கழன்று போயிருந்தது.

"ஆமா."

"உருட்டாம இருந்திருந்தா நான் விழுந்திருக்க மாட்டேன்."

"வேர் ஈரமா இல்லாம இருந்திருந்தா அவரும் விழுந்திருக்க மாட்டார்."

"அது வேற, இது வேற."

"பிரேக்கை மாத்தினது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"சொன்னேன்ல?"

"சொன்னே."

"திருப்பிச் சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். மூணு தடவை."

"அப்புறம் ஏன் வலது கையைப் பிடிச்சீங்க?"

தணிகாசலம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது இன்னும் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கியிருந்தது.

"நான் பிடிக்கலை" என்றார். "கை பிடிச்சுடுச்சு."

மாஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

தணிகாசலம் யோசித்தார். மெல்ல மெல்ல அவருடைய முகம் தெளிந்தது. உள்ளே இருந்த வக்கீல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டுவிட்டார்.

"ஓ. இப்பப் புரியுது மாஸ்டர். நல்லாப் புரியுது. தப்பு கையோடது. சொல்றது காதுக்குப் போகுது, மூளைக்குப் போகுது, கைக்குப் போறதில்லை. அதனால அவன் மேலயும் தப்பு இல்லை, என் மேலயும் தப்பு இல்லை. இதைத்தானே காட்டினீங்க?"

"அப்படியா?"

"வேற எப்படி? இதைவிட நல்ல தீர்ப்பு ஹைகோர்ட்டுலகூடக் கிடைக்காது. ரெண்டு பேருக்கும் சேதாரம் இல்லாத தீர்ப்பு. வெள்ளிக்கிழமை போறேன். 'கைப்பழக்கம்டா குழந்த, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, நானே விழுந்து பாத்துட்டேன்'னு சொல்லிடறேன். அவனும் சமாதானம் ஆயிடுவான்."

கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் தணிகாசலத்துக்கு நல்லது. எழுந்து, புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, வண்டியைத் தூக்கி நிறுத்தி, நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவரால் ஒரு விஷயத்தைப் பாக்கி வைத்துவிட்டுப் போக முடியாது. சுபாவம்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றார். சட்டைக் காலருக்குள் போயிருந்த காப்பித் தோலை எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "விழ வச்சீங்க, சரி. புத்தி சொல்றதுக்காகப் பண்ணினீங்க, சரி. எதுக்குச் சிரிச்சீங்க? ஒரு வயசானவன் பல்டி அடிச்சு விழறான். உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. அது நியாயமா? எனக்கு விழுந்தது வலிக்கலை. நீங்க நின்னு சிரிச்சதுதான் வலிக்குது."

"நியாயம் இல்லை" என்றார் மாஸ்டர்.

தணிகாசலம் வாதத்துக்குத் தயாராக இருந்தார். இப்படி உடனே ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

"நீங்க விழுவீங்கன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார் மாஸ்டர். "விழறதைப் பாக்கணும்னுதான் நின்னேன். தொட்டி மேல நின்னா நல்லாத் தெரியும். அதான் ஏறினேன்."

"ஏன் அப்படி?"

மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். முற்றத்தில் புதியவர்கள் ஆடும்போது அந்த முகம் சிரிப்பதை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறார்.

"அன்னைக்கு அவர்கிட்டச் சொல்லிட்டு, நீங்க எங்க நின்னீங்க?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஐந்து வாரமாக டாக்டரிடமும், குழந்தைவேலுவின் மனைவியிடமும், டீக்கடையிலும் சொன்ன அதே பதில். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

அது வெளியே வரவில்லை.

அவர் நடக்கவில்லை. குழந்தைவேலு ஏறி உட்கார்ந்ததும் அவருடைய வண்டியைப் புல்லில் சாய்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த தட்டைப் பாறை மேல் ஏறினார். முட்டிவலியைக்கூடப் பார்க்காமல் ஏறினார். அங்கிருந்து பார்த்தால் மூன்று வளைவும் தெரியும். பையிலிருந்து போனை எடுத்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் முற்றத்தில் ஆடினவன் இன்றைக்கு மறுபடி ஆடுவான், படம் பிடித்து எல்லோருக்கும் காட்டலாம், ஒரு மாசம் அவனைக் கிண்டலடித்து ஓட்டலாம். மாறுகைடா என்று அவர் சொன்னபோதே சிரிப்பு வாய்க்குள் இருந்தது.

முதல் வளைவில் வண்டி ஒரு வெட்டு வெட்டியது. குழந்தைவேலு காலை ஊன்றித் தப்பித்தார். தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நில்லுடா, இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். இன்னும் இரண்டு வளைவு இருக்கிறது என்று நினைத்தார். அப்படி நினைத்தது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது.

சரிவில் காற்று அடித்தது. காப்பித் தோல் கொஞ்சம் பறந்தது.

"பாறை மேல" என்றார் தணிகாசலம். "பாறை மேல நின்னேன்."

மாஸ்டர் தலையாட்டினார்.

"விழணும்னு நினைக்கலை மாஸ்டர். சத்தியமா நினைக்கலை. ஆடுவான்னு நினைச்சேன். அவ்வளவுதான். ஆடினா நல்லா இருக்கும்னு நினைச்சேன்."

"ம்."

தணிகாசலம் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வேறு ஏதோ ஒன்று அவருக்குள் வந்துகொண்டிருந்தது. அவருடைய முகம் மாறியது.

"அவன் பாத்தான்" என்றார்.

"யாரு?"

"குழந்தைவேலு. மொத வளைவுல காலை ஊன்றினான்ல, அப்பத் திரும்பி மேலே பாத்தான். நான் நின்னுக்கிட்டு இருந்தேன். கையில போன். சிரிச்சுக்கிட்டு இருந்தேன். பாத்துட்டுத்தான் கீழே போனான்."

மடியில் இருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

"இந்த அஞ்சு வாரத்துல அவன் அதை யார்கிட்டயும் சொல்லலை. பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லலை. சொல்லியிருந்தா அந்தம்மா என்னைத் தெருவுல வச்சுக் கிழிச்சிருக்கும். ஊரே பிரேக்கைப் பத்திப் பேசுது. நானும் பிரேக்கைப் பத்தியே பேசறேன். அவன் சும்மா படுத்துக் கெடக்கான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. ஏன் மாஸ்டர் சொல்லலை?"

மாஸ்டர் எழுந்தார். கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். திரும்பியிருந்த ஹேண்டில்பாரை முன் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நேராக்கினார். நேரானதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் வண்டியைத் தணிகாசலத்தின் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருப்பார் சார்."